பாலாற்றங்கரை ஆம்பூர்: ஊரும் தொழிலும் நீரும்

கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்யும் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் நாம், பெரும்பாலும் அவ்வூர்களின் கணக்குப் புத்தகங்களையே பார்க்கிறோம், ஊரைப் பார்ப்பதில்லை. பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே தவணை தவறியதாகக் குறிக்கும்பொழுது, அத்தவறுதலுக்குப் பின்னால் நிற்கும் நிலமும் நீரும் நம் கண்ணில் படுவதில்லை. இக்குறையை நாம் முதன்முதல் உணர்ந்தது ஆம்பூரை அடுத்த பகுதியில்தான். ஆகவே இம்மாத இதழில் அந்நகரத்தின் வரலாற்றையும் வாழ்வையும், அது இன்று எதிர்நோக்கும் பிரச்சினையையும் நெசவாளரும் விவசாயிகளுமான நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமைவிடம்

வேலூரிலிருந்து மேற்கே பெங்களூர்ச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் தென்கரையில் ஆம்பூர் அமைந்துள்ளது. இரு புறமும் மலைகள். நடுவே ஆறு, நெடுஞ்சாலை, இருப்புப்பாதை மூன்றும் ஏறக்குறைய ஒரே திசையில் செல்கின்றன. முன்பு வட ஆற்காடு ஜில்லாவையும் பின்னர் வேலூர் மாவட்டத்தையும் சேர்ந்திருந்த இந்நகரம், 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் புதிய திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நகராட்சியில் வாழ்ந்தோர் 1,14,608 பேர்.

பாலாறு கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. இந்த 348 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது, மணலே தெரியும். ஆனால் அம்மணலுக்கு அடியில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால்கள் வெட்டி, அந்நீரை ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுசென்றனர் நம் முன்னோர். ஊற்றுக்காலை ஆண்டுதோறும் தூர் வாருவது தனி ஒருவரால் ஆகும் வேலையன்று. பாசனம் பெறும் ஊரார் அனைவரும் கூடிச் செய்ய வேண்டியது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சட்டம் எதுவுமின்றி நடந்துவந்த கூட்டுறவு இது எனலாம்.

வெள்ளத்தின் கொடுமையையும் இப்பள்ளத்தாக்கு அறியும். 1903ஆம் ஆண்டு நவம்பரில் மைசூர் இராஜ்யத்தில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் பெருகிய வெள்ளம், அண்டை நகரான வாணியம்பாடியில் பெருஞ்சேதம் விளைவித்தது. மேல்நிலத்தில் ஒருவர் நீரை எப்படி வைத்துக்கொள்கிறாரோ, அதைப் பொறுத்தே கீழ்நிலத்தில் இருப்பவரின் வாழ்வும் தாழ்வும் அமைகின்றன. 1892ஆம் ஆண்டிலேயே சென்னை, மைசூர் அரசாங்கங்கள் ஆற்று நீர் குறித்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதற்கு இதுவே காரணம். பாலாறும் அவ்வொப்பந்தத்தில் அடங்கிய ஆறுகளுள் ஒன்று.

பழமை

ஆம்பூரில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை, அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நுளம்பனின் படை வந்து ஊரின் ஆநிரைகளைக் கவர்ந்தபொழுது, அவற்றை மீட்கப் போரிட்டு வீழ்ந்த வீரர்களின் நினைவாக அவை நாட்டப்பட்டன. அக்கல்வெட்டுகளில் வரும் ஆமையூர் என்பதே இவ்வூரின் பழம்பெயர் என ஆராய்ச்சியாளர் கொள்வர். மாட்டுக்காக உயிர் கொடுத்த செய்தியே இவ்வூரின் பழைய எழுத்துச் சான்றாக நிற்பதும், பிற்காலத்தில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலுமே இவ்வூருக்குச் சோறு போட்டதும் சிந்திக்கத்தக்கவை. அன்றும் இன்றும் கால்நடைச் செல்வம் இப்பகுதியின் பொருள் வாழ்வுக்கு அடிப்படையாக இருந்துவந்திருக்கிறது.

பெங்களூர்ப் பீடபூமியிலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் வழியில் இருப்பதால், படைகள் இவ்வூரை விட்டுவைக்கவில்லை. 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் நடைபெற்ற ஆம்பூர்ப் போர் தென்னிந்திய வரலாற்றில் ஒரு திருப்புமுனை. சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்து ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கானை எதிர்த்தனர். முதியவரான நவாபு போர்க்களத்திலேயே மடிந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இளைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்றார். அவருக்கு ஆதரவாக ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்கு ஆதரவாகப் பிரெஞ்சுக்காரரும் நின்று நடத்திய போர்களின் முடிவிலேதான் கருநாடகத்தின் அரசுரிமை யாருக்கு என்பது தீர்ந்தது. பின்னர் 1767ஆம் ஆண்டு இறுதியில் ஹைதர் அலி ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். கால்வெர்ட் என்னும் தளபதியின் கீழிருந்த படை, ஸ்மித்தின் சேனை உதவிக்கு வந்து சேரும்வரை கோட்டையைக் காத்துநின்றது.

தொழில் வளர்ந்த விதம்

படைகள் போன வழியே பின்னர் இரயில் வந்தது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அப்பாதை பின்னர் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியே மேற்கே நீண்டபொழுது, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் வணிகம் சென்னைத் துறைமுகத்தோடு இணைந்தது.

தோல் தொழில் இவ்விடத்தில் வேரூன்றியதற்குக் காரணங்கள் ஐந்து. முதலாவது, ஆற்று மணலுக்கடியில் கிடைத்த தெளிந்த நீர். இரண்டாவது, சுற்றியுள்ள வறண்ட நிலங்களில் தானே முளைத்து வளர்ந்த ஆவாரஞ்செடி. மூன்றாவது, வாரச் சந்தைகளின் வழியே வந்துசேர்ந்த தோல். நான்காவது, இரயில். ஐந்தாவது, தோல் வணிகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த முஸ்லிம் வணிகப் பெருமக்களின் முதலும் நாணயமும். இவ்வணிகர்கள் தாம் ஈட்டியதில் ஒரு பங்கைக் கல்விக்கும் செலவிட்டனர். 1919ஆம் ஆண்டு வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியும் ஆம்பூரிலுள்ள மஸ்ஹருல் உலூம் கல்வி நிலையங்களும் இதற்குச் சான்று. லூத்தரன் மிஷனார் நிறுவிய பெத்தேஸ்தா மருத்துவமனையும் இந்நகரத்தின் பழைய நிறுவனங்களுள் ஒன்று.

தோல் பதனிடும் முறையை நம் நெசவாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். நூலுக்குக் கஞ்சியிட்டுப் பாவு தோய்ப்பதில் எவ்வளவு ஒழுங்கு வேண்டுமோ, அவ்வளவு ஒழுங்கு இதற்கும் வேண்டும். அழுகாமல் இருக்க உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் நீக்குவர். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரைக் களைவர், உட்புறத்துச் சதையைச் சீவுவர், சுண்ணாம்பை வெளியேற்றுவர். அதன் பின்னரே உண்மையான பதனிடுதல் தொடங்கும். பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஊறவைத்து, கடுக்காய்ச் சாறு ஏற்றி, எண்ணெய் தடவி முடிப்பர். ஆவாரம்பட்டை போதாத காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது. இவ்விதம் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரில் இலண்டன் சந்தையில் நன்மதிப்புப் பெற்றிருந்தது. முதல் உலக யுத்தத்தின்பொழுது பிரிட்டிஷ் இராணுவத்தாரின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் சென்றது.

மற்றொரு முறை குரோமிய உப்பினால் பதனிடுவது. சென்னையில் 1903ஆம் ஆண்டு முதல் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையைச் சோதித்துப் பரப்பினார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை இத்தொழிலினாலேயே அப்பெயர் பெற்றது. பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை இம்முறையில் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். 1948ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலுக்கு விஞ்ஞான முறையில் துணைநின்றது. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் அளித்தது. நாட்டில் வேலை பெருகவேண்டும் என்பதே நோக்கம். அந்நோக்கம் நிறைவேறவும் செய்தது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் அங்கே வேலைக்கு வரலாயினர். இந்நகரத்துக் காலணிகள் ஐரோப்பாவின் கடைவீதிகளுக்குச் செல்கின்றன. ஆனால் குரோமிய முறை பெருகப் பெருக, கழிவுநீரின் தன்மையும் அளவும் மாறின.

வேறு சிறப்புகள்

ஆம்பூரின் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பியது தோல் மட்டுமன்று, பிரியாணியும்தான். சீரகச் சம்பா அரிசியில் சமைத்து, கத்திரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் உடன் வைத்து அளிக்கும் இவ்வுணவுக்காகவே நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துவோர் பலர். அரிசி விவசாயியுடையது, ஆடு கால்நடை வளர்ப்போருடையது, சமைக்கும் திறம் நகரத்தாருடையது என்பதை எண்ணிப் பார்த்தால், கிராமமும் நகரமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது விளங்கும்.

ஆற்றங்கரைக் கிராமங்களில் நெல், கரும்பு, வேர்க்கடலை, தென்னை ஆகியவை முக்கியப் பயிர்களாக விளங்கின. ஆம்பூரை அடுத்த வடபுதுப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தோன்றியது, இப்பள்ளத்தாக்கின் கரும்பை நம்பியே. வடக்கே குடியாத்தத்தில் கைத்தறிக் கைலி நெசவு தழைத்தது. அவ்வூரைக் கடந்து வரும் கௌண்டன்ய ஆறும் பாலாற்றையே வந்து சேர்கிறது. ஆகவே தறிக்காரர், ஏர்க்காரர், தோல் தொழிலாளர் ஆகிய மூவர் கையிலும் இருப்பது ஒரே நீர்.

பேரேடு கூறாதது

சில ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதியில் ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தின் கடன் சங்கத்தைத் தணிக்கை செய்தோம். பெரியவர் ஒருவரின் கணக்கு நம் கவனத்தை ஈர்த்தது. பல்லாண்டுகள் பயிர்க்கடனைத் தவணைக்கு முன்னரே செலுத்திவந்தவர், படிப்படியாகப் பின்தங்கி, கடைசியில் தவறியவர் பட்டியலில் இடம்பெற்றிருந்தார். 'கடனைத் திருப்பும் மனமில்லாதவர்' என்னும் கருத்துப்பட நம் குறிப்பில் எழுதினோம். அன்று மாலை அவரே சங்கத்திற்கு வந்தார். "ஐயா, எழுதினதை நான் குறை சொல்லவில்லை. ஒரு நடை வந்து என் கிணற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார்.

சென்றோம். கிணற்றில் நீர் குறைவில்லை. ஆனால் வாய்க்கால் ஓரமெங்கும் உப்புப் பூத்து வெண்மையாய் இருந்தது. தென்னையின் குருத்தோலைகள் நுனி கருகிச் சிறுத்திருந்தன. நெல் நட்ட இடத்தில் திட்டுத் திட்டாக வெறும் மண் தெரிந்தது. "இந்தத் தண்ணீரை மாடு கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது, ஐயா" என்று அவர் அமைதியாகக் கூறினார். நாம் எழுதிய குறிப்பு நமக்கே வெட்கத்தைத் தந்தது. மறுநாள் அதைத் திருத்தி எழுதினோம். எனினும், 'நீர் கெட்டது' என்று பதிவதற்குப் பேரேட்டில் ஒரு பத்தி இல்லை என்பதையும் அன்றுதான் உணர்ந்தோம்.

நீதிமன்றத்தின் தீர்ப்பு

இது ஒரு பெரியவரின் கதை மட்டுமன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவையும், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தோல் தொழில் நாட்டிற்கு அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் சுற்றுப்புறத்தை அழித்து அத்தொழில் நடக்க உரிமையில்லை என்று கூறிற்று. கேடு வருமுன் காக்கவேண்டும் என்பதும், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இன்று நாட்டின் எந்தப் பகுதியில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இத்தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம், 2001ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் தன் முடிவை வெளியிட்டது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர் என்றும், அவர்களுக்கு 547 தோல் தொழிற்சாலைகள் கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்றும் அது கணக்கிட்டது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மேலும் ஒரு முடிவு அளிக்கப்பட்டது. அதன் பின்னும் பிரச்சினை தீரவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இவ்விரு முடிவுகளின்படி இன்னும் ஈட்டுத்தொகை பெறாதோருக்கு ஆறு வாரங்களுக்குள் அரசே அதை வழங்கி, பின்னர் மாசு செய்தோரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மேற்பார்வைக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல தோல் பதனிடுவோர் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்துள்ளனர். தனித்தனியே அமைக்க வசதியற்ற சிறு தொழிலகங்கள், பங்குப் பணம் போட்டு ஒரே நிலையத்திற்குக் கழிவுநீரைக் குழாய் வழியே அனுப்புகின்றன. பெயர் எதுவாயினும், இதன் அடிப்படைத் தத்துவம் நம் கூட்டுறவுத் தத்துவமே.

ஆனால் குரோமியத்தைப் பிரித்தெடுப்பது போல் உப்பைப் பிரித்தெடுப்பது எளிதன்று. தோலை அழுகாமல் காக்க இட்ட உப்பு, ஊறவைத்த முதல் நீரிலேயே பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பினால் அது நீங்குவதில்லை. எனவே அந்நீரைத் தனியே பிரித்து வெயிலில் காயவைப்பதும், நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்பை நீக்குவதும் அவசியமாகின்றன. இதற்கு மின்சாரமும் பணமும் இடைவிடாத கவனமும் வேண்டும்.

கவனம் தவறினால் விளைவது என்ன என்பதை 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கண்டோம். அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தனர். பங்கு போட்டுக் கட்டடம் எழுப்பியதும் கடமை முடிந்தது என்று எண்ணும் எந்தக் கூட்டு முயற்சிக்கும் இது ஓர் எச்சரிக்கையாகும். பொதுச் சொத்தை நாள்தோறும் மேற்பார்க்க ஆள் இல்லையெனில், அதனால் பொதுத் தீங்கே விளையும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, பயிர்க்கடன் மனு எழுதுமுன் கிணற்று நீரையும் மண்ணையும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தல் நலம். நீரின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன் அளவிற்குக் கீழே இருந்தால் உப்பினால் தீங்கில்லை; 3 டெசிசீமனைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குக் கேடு. அவரையினங்களும் நெல்லும் உப்பைப் பொறா. பருத்தி பெரிதும் பொறுக்கும். தென்னை ஓரளவு பொறுக்கும். பயிரை இதற்கேற்பத் தேர்ந்துகொள்வது கடனை அடைக்கும் வழிகளுள் ஒன்று.

இரண்டாவதாக, உப்பு நிலத்தையும் களர் நிலத்தையும் ஒன்றாகக் கருதிச் செலவு செய்தல் ஆகாது. சோடியம் மிகுந்து இறுகிய களருக்கு ஜிப்சம் பயன்தரும். வெறும் உப்பு மிகுந்த நிலத்துக்கு ஜிப்சம் இட்டால் காசுதான் வீண். மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிகால் வழியே வெளியேற்றுவதே அதற்கு மருந்து. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல் இரண்டுக்கும் நன்மை பயக்கும். வயலுக்கு வடிகால் தனியொருவரால் ஆகாது. வரிசையாக நிலமுள்ளவர் அனைவரும் சேர்ந்தே வெட்டவேண்டும்.

மூன்றாவதாக, ஈட்டுத்தொகை பெறவேண்டியோர் பட்டியலில் தம் பெயரோ தம் பெற்றோரின் பெயரோ உண்டா என்பதை ஆற்றோரக் கிராமத்து அங்கத்தினர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தறிதல் வேண்டும். உரியவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றும் நிலப் பத்திரமும் தேவைப்படும். இவ்விஷயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கக் காரியதரிசிகள் உதவுவது கடமையாகும்.

நான்காவதாக, நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. சாயத்தொட்டியின் நீரும் உப்பு கலந்த நீரே. பிறர் ஆற்றைக் கெடுத்ததைப் பேசும் நாம், நம் சாயக்கழிவு எந்த வாய்க்காலில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயச்சாலைகள் நடத்தும் சங்கங்கள் இதைத் தம் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முடிவுரை

ஆம்பூர் தொழிலை விட்டுவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. அத்தொழிலை நம்பியுள்ள குடும்பங்களில் நம் அங்கத்தினர் வீட்டுப் பெண்களும் பலர் இருக்கின்றனர். தகப்பன் நிலம் உப்பானதால்தான் மகள் காலணித் தொழிற்சாலைக்குச் சென்றாள் என்னும் வீடுகளும் உண்டு. தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். ஊற்றுக்காலை ஒன்றுகூடித் தூர் வாரிய ஊரார்க்கு இவ்விரண்டையும் காக்கும் வழி தெரியாததன்று.

நம்மைப் பொறுத்தவரை, அந்தப் பெரியவரின் கிணற்றைப் பார்த்த நாள் முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளோம். தவறிய கடன் எதையும் குறிக்குமுன், அந்த அங்கத்தினரின் நீர் எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். சங்கங்களும் தம் கடன் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டால், அடுத்த தணிக்கையில் அதை மகிழ்வுடன் சரிபார்ப்போம்.